நான்-வாய்ஸ்

2009-ல் சென்னையில் எனக்குக் கிடைத்த முதல் வேலையின் நேர்முகத் தேர்வில் மூன்றாவது சுற்று, குரல் சுற்று. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்செட்டை மாட்டி, ஒரு பத்தி இங்கிலீஷைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம், "எம்டிஐ ஜாஸ்தி" என்றார். ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டேன். தாய்மொழியின் சாயல் பேச்சில் தெரிவதற்கு அந்தத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் அது என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன் வாயில் வேறு எதன் சாயல் இருக்கும்? போனில் பேசுகிற வாய்ஸ் ப்ராசஸ் இல்லை, நான்-வாய்ஸ் என்று முடிவானது. அமெரிக்க மருத்துவமனை பில்களில் நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடுகிற வேலை. இரவு ஷிஃப்ட். யாரிடமும் பேச வேண்டாம்.

எங்கள் தளத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. "நீ எந்த ப்ராசஸ்?" "நான் வாய்ஸ்." "அப்ப நான்?" "நீயும் நான் வாய்ஸ்தான்." அதிகாலை மூன்று மணிக்கு டீ குடிக்கும்போது இதற்கும் சிரிப்பு வரும்.

பக்கத்து சீட்டுக்காரன் பெரம்பூர்ப் பையன். ஒருநாள் என் போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு போய் மறுநாள் திருப்பிக் கொடுத்தான். உள்ளே புதிதாக ஒரு ஃபோல்டர், முழுக்க இங்கிலீஷ் ராப். "புரியலைன்னா விட்ரு மச்சி. எனக்கும் முதல்ல புரியல" என்றான். ஆபீஸ் வண்டி என்னை வீட்டில் இறக்கிவிட ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் எனக்கு இசைக் கல்லூரி.

அதுவரை ராப் என்றால், மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-ல் கொண்டுவந்த 'வல்லவன்' ஆல்பம்தான். கல்லூரிப் பேருந்தின் கடைசி சீட்டில் 'மடை திறந்து' ராப்பைச் சொல் தப்பாமல் ஒப்பிக்கிறவனுக்குத் தனி மரியாதை. அந்தச் சத்தம், மிடுக்கு, வந்து நிற்கிற தோரணை. நெஞ்சை நிமிர்த்தாமல் ராப் செய்யவே முடியாது என்று நம்பியிருந்தேன்.

ஃபோல்டரில் முதலில் இருந்தது 2004-ல் வந்த 'மேட்வில்லனி' என்ற ஆல்பம். குரல் எம்.எஃப். டூம், இசை மேட்லிப். பாதித் தூக்கத்தில் எழுப்பி உட்காரவைத்துப் பேசச் சொன்னது போன்ற கரகரத்த குரல். நெஞ்சும் நிமிரவில்லை, ஒன்றும் நிமிரவில்லை. சுமார் 46 நிமிடத்தில் 22 துண்டுகள். பல்லவி என்று ஒன்று திரும்பி வந்தால்தானே பிடித்துக்கொள்ளலாம்? பெரும்பாலும் வராது. ஒரு வரியைத் தவறவிட்டால் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரிதான்.

முதல் இரவு எனக்குப் புரிந்தவை நாலைந்து சொற்கள். அப்படியும் விடாமல் கேட்டதற்குக் காரணம் ஓசை. எதுகை, மோனை, இயைபு என்று நம்மைப் பள்ளியிலேயே பழக்கிவிடுகிறார்கள். நான் கேட்டிருந்த இங்கிலீஷ் பாட்டுகளில் வரியின் கடைசிச் சொல் மட்டும் மணி அடித்துவிட்டுப் போகும். டூம் செய்வது வேறு. நாலைந்து அசை நீளமுள்ள ஒரு தொடரின் ஓசையை அப்படியே எடுத்துக்கொண்டு வரியின் நடுவில், தொடக்கத்தில், அடுத்த வரிக்குள் பாதி நுழைந்த நிலையில் என்று எங்கே வேண்டுமானாலும் இறக்குவார். பொருளைத் தேடினால் ஓசை வந்து மறைக்கும். ஓசையில் லயித்துக் கிடந்தால், பத்து வினாடி கழித்துப் பொருள் வந்து முதுகில் தட்டும். அர்த்தம் தெரியாமலே அந்தக் கட்டுமானம் என் காதுக்குத் தெரிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வெண்பாகூட எழுத வராது.

ஆளைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். இயற்பெயர் டேனியல் டுமிலே. 1971-ல் லண்டனில் பிறந்து நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வளர்ந்தவர். தம்பியோடு சேர்ந்து கேஎம்டி என்ற குழுவை நடத்தினார். அப்போது முகமூடி கிடையாது. துள்ளலான இளைஞர். 1993-ல் தம்பி சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார். குழுவின் இரண்டாவது ஆல்பத்தை, அட்டைப்படத்தால் வந்த சர்ச்சைக்குப் பயந்து கம்பெனி வெளியிடாமல் கைகழுவியது. சில வருடங்கள் ஆள் கண்ணில் படவில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நியூயார்க்கின் திறந்த மேடை ஒன்றில், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். பின்னால் அது காமிக்ஸ் வில்லன் டாக்டர் டூமின் உலோக முகமூடியானது. தம்பியைப் பறிகொடுத்தவர், தொழிலையும் பறிகொடுத்தவர், திரும்பி வரும்போது வில்லனாக வந்தார். அந்த வேஷத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் தன்னைப் பற்றிய உண்மைகளை ஒவ்வொன்றாக நழுவவிட்டார், அதுவும் பெரும்பாலும் 'அவன்' என்று படர்க்கையில்.

என்னைக் குரல் வேண்டாம் என்று சொல்லி உட்காரவைத்தார்கள். இவர் முகம் வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்து நின்றார். வண்டியின் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு இதை ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். (தன் முகமூடியை வேறு ஆளுக்கு மாட்டிக் கச்சேரிக்கு அனுப்பிய கதையும் அவருக்கு உண்டு. அதையும் ஒரு கலைச்செயலாகப் பார்க்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தால் கலை பேசியிருக்க மாட்டேன்.)

பாட்டு வரிகளை இணையத்தில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தபோதுதான் அந்த ஆச்சரியம் நடந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆட்கள் உரை எழுதி வைத்திருந்தார்கள். இது ஒரு பழைய கார்ட்டூனைச் சொல்கிறது என்று ஒருவர். இல்லை, பியர் பாட்டிலைச் சொல்கிறது என்று இன்னொருவர். குறளுக்கு மணக்குடவரும் பரிமேலழகரும் மாறுபடுகிற மாதிரி. சண்டை போட்டுக்கொண்டிருந்த எல்லோரும் இங்கிலீஷைப் பால் குடிக்கும்போதே கேட்டவர்கள். அவர்களுக்கும் புரியவில்லை!

இங்கிலீஷில் நான் எப்போதும் பிந்தி வருகிறவன். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பவன். இந்தப் பாட்டுகளில் எல்லோருமே பிந்தித்தான் வருகிறார்கள். முதல் தடவை கேட்கும்போது நியூயார்க்கின் புரூக்ளின்காரனும் நாசரேத்துக்காரனும் ஒரே பெஞ்ச். முழுக்க அப்படி இல்லைதான். அந்தத் தெருக்கள் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் வரியின் முடிச்சை அவிழ்க்க அவனும் உட்கார வேண்டும், திரும்பக் கேட்க வேண்டும். நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு பக்கம் வரி, எதிர்ப் பக்கம் அது புரிந்த தேதி. சில வரிகளுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தேதி விழுந்திருக்கிறது.

இப்படிச் சொல்லை நெருக்கி அடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் எனக்குப் பிடித்தமான கதை ஒரு கடையைப் பற்றியது. ராப்பும் அடங்கிய ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக எல்லோரும் சொல்வது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிரான்க்ஸில் டிஜே கூல் ஹெர்க், தங்கை ஏற்பாடு செய்த பார்ட்டியில் ரெக்கார்டுகளின் தாளப் பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஓட்டிய இரவு. அதில் மைக் பிடிக்கிறவரின் வேலை கூட்டத்தை ஆடவைப்பது. 1989 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் 'குட் லைஃப்' என்ற உடல்நல உணவுக்கடையில் வியாழக்கிழமை இரவுகளில் மைக்கைத் திறந்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, கெட்ட வார்த்தை கூடாது. கடைக்கு வருகிறவர்கள் கேரட் ஜூஸ் குடிக்கிறவர்கள் அல்லவா! எழுதி வந்ததைச் சொதப்பினால், சரக்கில்லை என்று தெரிந்தால், 'மைக்கைக் கொடுத்துவிட்டுப் போ' என்று கூட்டமே ராகம் போட்டுக் கேட்கும். வசவும் கூடாது, தடுமாற்றமும் கூடாது என்றால் பேச்சில் திறமையைக் காட்டுவதைத் தவிர வழி ஏது? ஃப்ரீஸ்டைல் ஃபெலோஷிப் போன்ற குழுக்கள் அங்கே உருவானவைதான். பின்னாளில் பெயர்பெற்ற திரைப்பட இயக்குநரான ஆவா டுவெர்னே அந்த மேடையில் ராப் செய்தவர். 2008-ல் அந்தக் கடையைப் பற்றியே ஆவணப்படம் எடுத்தார்.

அதே காலத்தில் எதிர்க் கரையான நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை, கம்பெனிகள் சீண்டாத ஆட்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டூமின் முதல் தனி ஆல்பத்தை 1999-ல் வெளியிட்டதும் இந்த பாபிட்டோவின் சின்ன ரெக்கார்டு கம்பெனிதான். இப்படிப் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே நடப்பதை அண்டர்கிரவுண்டு என்கிறார்கள். நான் ஏதோ ரகசியக் கூட்டம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நைட் ஷிஃப்ட்.

இந்த வகைக்கு அறிவார்ந்த ராப், சிந்திக்கிற ராப் என்றெல்லாம் பெயர் சொல்கிறார்கள். இந்தப் பட்டம் எனக்கு இப்போது பிடிப்பதில்லை. மற்றவர்கள் யோசிக்காமல் பாடுகிறார்கள் என்று அதற்குள் ஒரு ஏளனம் ஒளிந்திருக்கிறது. அந்த ஏளனத்தில் நானும் இரண்டு மூன்று வருடம் குளித்தேன். பெரம்பூர்க்காரன் கானா போட்டால் முகத்தைச் சுளிப்பேன், அந்த ஃபோல்டரைக் கொடுத்தவனே அவன்தான் என்பதை மறந்து.

2014-ல் மாட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்களின் சொல்வளத்தை எண்ணிப் பட்டியல் போட்டபோது நான் துள்ளிக் குதித்தேன். ஒவ்வொருவரின் முதல் 35,000 சொற்களில் எத்தனை தனிச்சொற்கள் என்பது கணக்கு. முதலிடம் லாங் ஐலண்டுக்காரரான ஈசாப் ராக், 7,392. ஒப்பிடுவதற்காகப் போட்டிருந்த ஷேக்ஸ்பியருக்கு 5,170. நான் இதைப் பிரின்ட் எடுத்து சீட்டில் ஒட்டினேன். "வந்தான், வந்தாள், வந்தார்கள் எல்லாம் தனித்தனிச் சொல்லா?" என்று பெரம்பூர்க்காரன் கேட்டான். அவர் எண்ணிய முறைப்படி ஆமாம். "அப்ப நம்ம ஊர் மேடைப் பேச்சாளர் யாரை விட்டாலும் ஷேக்ஸ்பியரைத் தூக்கிடுவார்" என்றான். பட்டியலின் கடைசியில் இருந்தவர் டிஎம்எக்ஸ். அந்தக் கொஞ்சச் சொற்களை வைத்துக்கொண்டே அவர் கடவுளிடம் மன்றாடும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள். தாளைக் கிழித்தெடுத்துவிட்டேன்.

ஈசாப் ராக்கிடமே நான் அதிகம் போட்டுக் கேட்பது, அவர் அகராதியை மூடி வைத்துவிட்டுச் சொன்ன கதைதான். 2001-ல் வந்த ஆல்பத்தில் லூசி என்ற பெண்ணின் கதை. ஏழு வயதில் தெருவில் சாக்கட்டியால் வரைகிறாள். முப்பத்தேழிலும் வரைகிறாள், பேச்சுத் துணை இல்லை. எண்பத்தேழில் படுக்கையில் கிடக்கிறாள், வருத்தம் ஒன்றும் இல்லை. மூன்று சரணத்தில் ஒரு ஆயுள்.

எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். தன் முறிந்த காதலை, தன் சோர்வை, தன் குடியை ஆல்பம் ஆல்பமாக நோண்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கத்திலும் நிறைய. கண்ணாடி முன் நின்று முகம் கழுவுவது ஒன்று, கண்ணாடியை விட்டு நகராமல் நிற்பது இன்னொன்று.

கழுவுகிறவர் ஒருவரை நான் கண்டுபிடித்தது 2013-ல். பெயர் கா. நம்மிடம் கா என்றால் சோலை. காப்பாற்று என்ற ஏவலும் அதுவே. அவருக்குத் தமிழ் நிகண்டோடு சம்பந்தம் ஒன்றுமில்லை, முழுப்பெயர் கஸீம் ரயன். ஆனால் அவர் பகலில் பார்த்த வேலை தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. நியூயார்க் தீயணைப்புத் துறை. கேப்டன் வரை உயர்ந்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று களத்துக்குப் போனவர்களில் ஒருவர்.

புரூக்ளினில் பிரவுன்ஸ்வில் என்ற ஏழைப் பகுதியில், கிராக் போதை தெருவைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர். தொண்ணூறுகளில் ஒரு குழுவில் இருந்து, விலகி, வேலைக்குப் போய், 2008-ல்தான் முதல் தனி ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். அப்போதே வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. ராப்பில் அது ஓய்வு பெறுகிற வயது. ஆல்பம் தயாரானால் கட்டாக எடுத்துக்கொண்டு நியூயார்க் நடைபாதையில் நின்று, வாங்க வருகிறவர்களிடம் தன் கையாலேயே விற்பார். சம்பளம் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்துவிடுகிறது. அதனால் பாட்டு யாரையும் குஷிப்படுத்த வேண்டியதில்லை.

குஷிப்படுத்தவும் இல்லை. கிசுகிசுப்புக்கு ஒரு படி மேலான குரல். ராப்பின் முதுகெலும்பு ட்ரம். பல பாட்டுகளில் அதையே உருவிவிட்டார். மீதி இடங்களில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தணித்துவிட்டார். ஒரு பழைய கிடாரோ பியானோவோ சுற்றிச் சுற்றி வரும், அதன் மேல் இவர் பேசிக்கொண்டே போவார். தாளம் இல்லாத இடத்தில் சொல்லே தாளமாக வேண்டும். ஒரு அசை தவறி விழுந்தால் கட்டடமே ஆடும். ஒன்றும் தவறி விழாது. சொல்வது சிறுவனாகப் பார்த்த பசி, துப்பாக்கி, திரும்பி வராத நண்பர்கள். பெருமையும் அடிப்பதில்லை, பாவமன்னிப்பும் கேட்பதில்லை. கூண்டில் ஏறிய சாட்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற குரல்.

2013-ல் வந்த ஆல்பத்தின் பெயர் 'தி நைட்ஸ் கேம்பிட்'. இங்கிலீஷில் இரவுக்கும் சதுரங்கக் குதிரைக்கும் உச்சரிப்பு ஒன்றே. குதிரைக்கு மட்டும் முன்னால் ஒரு ஊமை எழுத்து நிற்கும். கா அந்த எழுத்தை எடுத்துவிட்டு இரவு என்று எழுதினார், படிக்கிறவருக்குக் குதிரையும் கேட்டது. தமிழில் எழுதினால் அந்த வேலையும் மிச்சம், இரண்டும் 'நைட்'தான். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் ஓட்டிய காளமேகத்தைப் படித்த நமக்குச் சிலேடை புதிதா? கேம்பிட் என்பது ஆட்டத்தைப் பிடிப்பதற்காக ஒரு காயை வேண்டுமென்றே பலிகொடுப்பது. ஆல்பத்தைக் கேட்டு முடிக்கும்போது, பலிபோன சிப்பாய்கள் அந்தத் தெருப் பையன்கள் என்று எனக்குப் பட்டது. இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே பிரவுன்ஸ்வில்லைப் பார்த்தார். 2016-ல் சாமுராய்களின் நெறி, 2018-ல் கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ், 2020-ல் பைபிளில் தம்பியைக் கொன்ற காயீன்.

அந்த 2016-ல் நியூயார்க் நாளிதழ் ஒன்று முதல் பக்கத்தில் அவரைப் போட்டு, போலீஸுக்கு எதிராகப் பாடுகிறவர் தீயணைப்பு கேப்டனா என்று பெரிதாகக் கொளுத்திப் போட்டது. கொளுத்தினால் அணைக்கத் தெரிந்தவர்தானே. அடுத்து வந்த ஆல்பங்களிலும் குரல் ஒரு இழை உயரவில்லை.

எங்கள் வண்டியை ஓட்டியவர் சங்கரன்கோவில் பக்கத்து அண்ணாச்சி. விடிகாலையில் வண்டியில் நான் மட்டும் மிஞ்சியிருந்த ஒருநாள், என் போனை வண்டியின் ஸ்பீக்கரில் இணைத்தேன். காவின் ரெண்டு பாட்டைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம் தம்பி, இவரு பாடுதாரா, ஜாதகம் வாசிக்காரா?"

"ராப் அண்ணாச்சி."

"கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னா என்னவாம்?"

"அவரு ஃபயர் சர்வீஸ்ல இருக்காரு அண்ணாச்சி."

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரிதான். வேலையில கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும், பாவம்."

காவைப் பற்றி நான் படித்த எத்தனையோ விமர்சனங்களில் இதற்கு இணையாக ஒன்று இல்லை.

2024 ஆகஸ்டில் அவருடைய கடைசி ஆல்பம் வந்தது. 'தி தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்'. இயேசுவுக்குப் பக்கத்துக் கள்ளன். அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கள்ளனைச் சிலுவையில் அறைந்திருந்தார்கள். எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம் பண்ணுவார்கள். இரண்டாவது வார்த்தை கள்ளனிடம் சொன்னது, இன்றைக்கு நீ என்னோடுகூடப் பரதீசிலிருப்பாய் என்று. ஒரு வருடம் என் சித்தப்பா அதைப் பேசினார். அரைமணி நேரமும் மனந்திரும்பிய கள்ளனைப் பற்றித்தான். மறுபக்கம் தொங்கியவனை எந்த வருடமும் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. காவின் தலைப்பில் எந்தக் கள்ளன் என்று இல்லை. பழைய தேவாலயப் பாடகர் குழுக்களின் குரல்களை அடியில் ஓடவிட்டு, அந்த நம்பிக்கை தன் மக்களுக்கு எதைக் கொடுத்தது, எதைச் சகித்துக்கொள்ளச் சொன்னது என்று அதே தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே போகிறார். கோவில் பெஞ்சில் வளர்ந்தவன் நான். நாலு பாட்டுக்கு மேல் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை.

அக்டோபர் 12 அன்று கா இறந்துபோனார். வயது 52. நான் அதைப் படித்தது இரண்டு நாள் கழித்து. டூம் போனதும் இப்படித்தான். 2020 அக்டோபர் 31 அன்று இறந்தவரின் செய்தியைக் குடும்பம் டிசம்பர் 31 அன்றுதான் வெளியில் சொன்னது. இந்த ஆட்கள் விஷயத்தில் எல்லாமே பிந்தித்தான் வரும்போல.

அந்த மாதக் கடைசியில் தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போக எழும்பூருக்கு வண்டி சொன்னேன். அண்ணாச்சி இப்போது சொந்தமாக ஒரு டிசையர் ஓட்டுகிறார், நம்பர் என்னிடம் இருக்கிறது. கிண்டி தாண்டுவதற்குள் வண்டி நத்தையானது.

"அந்த ஜாதகக்காரர் எப்படி இருக்காரு?" என்று அவராகவே கேட்டார்.

"தவறிட்டார் அண்ணாச்சி. இந்த மாசந்தான்."

"தீயிலயா?"

"இல்ல. வீட்ல இருக்கவங்களே எதிர்பாக்கல."

ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நகர்ந்ததும், "இருந்தாப் போடு" என்றார். போட்டேன். மழை பிடிக்கப்போகிற புழுக்கம், ஏசி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கையை நீட்டி அதை அணைத்தார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியையும் மேலே ஏற்றினார்.